ஆகஸ்டில் வந்த தகடு

22.8.2005
கடைவாய்ப் பல் பிடுங்கி மூன்று நாள் ஆகிறது. இன்னும் இடப்பக்கம் மெல்ல முடியவில்லை. பவானி ரசம் சாதம் குழைத்துத் தருகிறாள்.

மதியம் எங்கள் சிதம்பரம் பொதுப்பணித்துறை ஆபீசுக்குக் கடலூர் தலைமை அலுவலகத்திலிருந்து பதிவுத் தபாலில் ஒரு சிடி வந்தது. கொள்ளிடக் கரை முழுவதும் செயற்கைக்கோளிலிருந்து எடுத்த படமாம். தபால் பதிவேட்டில் நான்தான் ஏற்றினேன். பத்தொன்பது வருஷமாக டேப் பிடித்து அளந்து, டிராயிங் டேபிளில் குனிந்து, இந்தக் கரையை வரைந்துகொண்டிருக்கிறேன். மேலேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? சின்னப் பிள்ளை மாதிரி ஆசையாக இருந்தது.

24.8.2005
சிடி திறக்கவில்லை. உள்ளே ஒரே ஒரு கோப்பு. அதை எதில் திறப்பது என்று கம்ப்யூட்டர் நம்மையே கேட்கிறது. விசாரித்ததில் தெரிந்தது: ஒரு கம்பெனி விற்கும் மென்பொருளில் மட்டும்தான் இது திறக்கும். அந்த மென்பொருளும் சும்மா ஓடாது. கம்ப்யூட்டரின் பின்பக்கம் சாவி மாதிரி ஒன்றைச் செருக வேண்டும். மாவட்டத்துக்கே ஒரு சாவி, அது கடலூரில் இருக்கிறது.

"எழுதிக் கேப்போம் கதிர்வேல். அதுவரைக்கும் பத்திரமா வை" என்றார் எங்கள் ஏ.இ., உதவிப் பொறியாளர் தில்லைநாதன் சார். என் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.

4.9.2005, ஞாயிறு
பவானியின் தம்பி கொளஞ்சி வந்திருந்தான். நாணல்மேட்டிலிருந்து மினி பஸ், குமராட்சியில் மாறி இன்னொரு பஸ். ஒரு பை நிறைய அவரைக்காய்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத்தான் ஆரம்பித்தான். "மாமா, மணல் லாரி ஏறி எறங்கறதுக்கு எங்க தெருவுக்கு நேரா கரைய வழிச்சிட்டானுங்க. ரெண்டு ஆள் ஒசரம் இருந்த கரை, இப்ப என் இடுப்புக்கு நிக்கிது. ஆத்துல தண்ணி ஜாஸ்தியா வந்தா மொத வீடு எங்க வீடுதான்."

"ஊர்ல யாரும் எழுதிக் குடுக்கலயா மச்சான்?"

"குடுத்தாச்சு, ரெண்டு தடவை. மங்கலம்தான் சொன்னா, அண்ணன் அந்த ஆபீஸ்லதான இருக்குது, அதுகிட்ட சொன்னா நடக்கும், போயிட்டு வான்னு."

மங்கலம் அவன் பெண்டாட்டி, என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். சொல்கிறேன் என்றேன்.

6.9.2005
சொன்னேன். தில்லைநாதன் சார் முழுவதும் கேட்டார், குறை சொல்ல முடியாது. "லாரிக்காரன் கரைய வெட்டிட்டான்னு வாய்ப்பேச்ச வெச்சு எழுதினா மேல ஒத்துக்குவாங்களா? அதான் படம் வந்திருக்கே. அதுல பாத்துட்டு எஸ்டிமேட் போடுவோம். படத்துல இருந்துட்டா எவனும் மறுக்க முடியாது."

சரியான பேச்சாகத்தான் பட்டது.

27.9.2005
பதில் வந்துவிட்டது. படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு அனுப்பும்படியோ, சாதாரணப் படமாக மாற்றித் தரும்படியோ கேட்டு எழுதியிருந்தோம். வந்தது இரண்டே வரி: "படக்கோப்பு தங்கள் அலுவலகத்துக்கு ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளது. உரிய மென்பொருளில் திறந்துகொள்ளவும்."

13.10.2005
சிடியை எடுத்துக்கொண்டு கடலூருக்குப் போனேன். சாவி செருகிய கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஏசி அறைக்குள், மேலே துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்பவர் கண்ணாயிரம் என்று ஒருவர். நல்ல மாதிரி.

"அதிகாரி கையெழுத்து இல்லாம நான் தொறக்கக் கூடாது சார். மீட்டிங் போயிருக்கார். மூணு மணிக்கு மேல வந்துருவார், செத்த உக்காருங்க."

மணி ஒன்றே கால். தீபாவளிக்கு பவானிக்குப் புடவை எடுக்கவேண்டியிருந்தது. சிதம்பரத்தைவிட இங்கே தேர்வு நன்றாக இருக்கும் என்று கடைக்குப் போனேன். கத்தரிப்பூ நிறம், மஞ்சள் கரை. வெளியே வந்தபோது சிதம்பரம் பஸ் காலியாக நின்றது. ஏறிவிட்டேன். இன்னொரு நாள் வந்துகொள்ளலாம்.

புடவை அவளுக்குப் பிடித்திருக்கிறது.

24.11.2005
விடாமல் மழை. மேலணையில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம். ஆபீசில் எல்லாருக்கும் லீவு ரத்து.

26.11.2005
நாணல்மேட்டில் கரை உடைந்துவிட்டது. பகல் பதினோரு மணிக்கு. போன் எதுவும் வேலை செய்யவில்லை.

27.11.2005
மங்கலம் போயிட்டா.

30.11.2005
எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஏழு பேர். மங்கலம் பிள்ளைகளையெல்லாம் பள்ளிக்கூடத்து மாடிக்கு ஏற்றிவிட்டாளாம். மகள் எழிலரசி கையில் தம்பியைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சின்னம்மாளைக் கூப்பிடத் திரும்பிப் போயிருக்கிறாள். சின்னம்மாளுக்குக் காது கேட்காது. கத்திக் கூப்பிட்டுப் பயனில்லை, தொட்டுத்தான் கூப்பிட வேண்டும். இரண்டு பேரையும் முக்கால் மைல் தள்ளி கருவேலங்காட்டில் எடுத்தார்கள்.

கரை எங்கே உடைந்தது என்று யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் காரியத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். கொளஞ்சி என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். "நீங்க சொல்லித்தான் பாத்திருப்பீங்க மாமா. அவனுங்க கேக்கலன்னா நீங்க என்னா பண்ணுவீங்க" என்றான். அவன் திட்டியிருந்தால் தேவலை.

9.12.2005
மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கரையின் நிலை பற்றி முன்கூட்டியே தகவல் ஏதும் அலுவலகத்தில் இருந்ததா என்று.

தில்லைநாதன் சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "அந்த சிடி ஆகஸ்ட்லயே வந்துருச்சுன்னு தெரிஞ்சா நாம ரெண்டு பேரும் காலி. வாங்கினேன்னு மொத கையெழுத்து உன்னுது கதிர்வேல். எனக்கு ரெண்டு பொண்ணு." மிரட்டலாகச் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் சொன்னார்.

"திறக்க முடியலன்னு சொல்லிரலாமே சார். அதானே உண்மை?"

"மூணு மாசம் திறக்க முடியலன்னு சொன்னா யாரு நம்புவா? கடலூர் என்ன அமெரிக்காலயா இருக்கு?"

எனக்குப் புடவைக் கடை ஞாபகம் வந்தது.

புதுப் பதிவேடு ஒன்றைப் பிரித்து ஆகஸ்டிலிருந்து திரும்ப எழுதினேன். நானூற்றுச் சொச்சம் வரி. சிடி வந்த அந்த ஒரு வரியை மட்டும் டிசம்பர் இரண்டாம் தேதியில் எழுதினேன்; செப்டம்பரில் வந்த பதிலின் வரியை விட்டுவிட்டேன். பழைய பதிவேடு மழையில் நனைந்து கெட்டுவிட்டதாகக் கோப்பில் இருக்கும்.

என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள்.

14.1.2006
பொங்கல். அடுப்பு மூட்டவில்லை.

3.2.2006
டிராயிங் டேபிளில் குனிந்திருந்தேன். நல்ல பகல், ஜன்னல் திறந்திருந்தது, எதிரே டைப்பிஸ்ட் இருந்தார். என் வலது தோளுக்குப் பின்னாலிருந்து மங்கலத்தின் குரல்: "அண்ணே, அதுல எங்க வூடு தெரியிதா?"

திரும்பிப் பார்க்கவில்லை. பேனாவை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். சட்டை முதுகுப்பக்கம் ஈரமாக இருந்தது. வியர்வைதான். வியர்வைதானே?

17.2.2006
மறுபடியும். அதே கேள்வி. கோபமே இல்லை அதில். தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்கிற மாதிரி. அவள் எப்போதும் அப்படித்தான் கேட்பாள். எங்கள் வீட்டுக்கு வந்தால், ஒரு அங்குலத்துக்கு எத்தனை அடி, இந்தக் கோடு வாய்க்காலா வரப்பா என்று.

20.6.2006
டிராயரைத் திறந்து நான்கு மாதம் ஆகிறது. பேனா, ஸ்கேல் எல்லாவற்றையும் மேசைமேல் ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டேன். சிடி உள்ளேயேதான் இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை. விசாரணை முடிந்துவிட்டது: இயற்கைப் பேரிடர்.

இன்று ஒன்று உறைத்தது. டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மினி பஸ்ஸில் நாணல்மேடு போயிருந்தால் போதும். ஒரு மணி நேர வேலை. பத்தொன்பது வருஷமாகச் செய்த வேலை. படம் படம் என்று ஏன் உட்கார்ந்திருந்தேன்? கொளஞ்சி தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினானே, அது அளவு இல்லையா?

26.11.2006
பவானி கத்தரிப்பூப் புடவையைக் கட்டிக்கொண்டு மங்கலத்தின் வருஷ நினைவு நாளுக்குக் கிளம்பினாள். வேறு கட்டிக்கொள் என்றேன். ஏன் என்றாள். சொல்லவில்லை. கத்தினேன். அவள் மாற்றிக்கொண்டு வந்தாள்.

8.7.2007
எழிலரசிக்கு சிதம்பரத்திலேயே இடம் கிடைத்துவிட்டது. நிலவியல். எங்கள் வீட்டில் தங்கித்தான் படிப்பாள். கொளஞ்சி அவளுடைய பெட்டியை வைத்துவிட்டு, "உங்கள நம்பித்தான் வுடுறேன் மாமா" என்றான். அவனுக்கு இப்போது சேத்தியாத்தோப்பில் அரிசி மில் வேலை. ஊரில் இருக்கப் பிடிக்கவில்லையாம்.

அவள் நடக்கும்போது அவள் அம்மா மாதிரியே பாதத்தைத் தேய்த்து நடக்கிறாள். அடுப்படியிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

27.11.2008
இந்த வருஷமும் வெள்ளம். நாணல்மேட்டில் மணல் மூட்டைதான் அடுக்கியிருக்கிறார்கள். நல்லவேளை, நின்றது. எழில் ரேடியோ பக்கத்திலேயே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடச் சொன்னால், "தண்ணி எறங்கட்டும் அத்தை" என்றாள். நானும் சாப்பிடவில்லை.

19.8.2009
இன்று சாப்பிடும்போது எழில் சொன்னாள்: "மாமா, எங்கூரு படம் அரசாங்கத்துகிட்ட இருக்குதாம். 2005 மார்ச்சுல மேலேருந்து எடுத்தது. வகுப்புல பேச்சு வந்துது. வெள்ளத்துக்கு முன்னாடியே கரை வெட்டியிருந்துதுன்னு அதுல தெரியும்ல? தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு மனு போட்டிருக்கேன்."

"எதுக்கும்மா இப்ப அதெல்லாம்?"

"இன்னும் மூட்டைதான மாமா அடுக்கி வெச்சிருக்காங்க. இயற்கை ஒடைச்சுதுன்னு எழுதிட்டாங்க, அதனால யாரும் கட்ட வேணாம். லாரி ஒடைச்சுதுன்னு ஆனாத்தான் கட்டுவாங்க."

பவானி எனக்கு மோர் ஊற்றினாள். டம்ளர் நிறைந்து வழிந்தது. நான் போதும் என்று சொல்லவில்லையாம்.

24.9.2009
எழிலுக்கு பதில் வந்துவிட்டது. ஒரு சிடி. காலேஜ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறாள். திறக்கவில்லை. கூடவே ஒரு கடிதம்: "தாங்கள் கோரிய தகவல் வழங்கப்பட்டுவிட்டது. உரிய மென்பொருளில் திறந்துகொள்ளவும்."

நாலு வருஷத்துக்கு முன்னால் வந்த அதே வரி. ஆள் மாறியிருக்கலாம், வரி மாறவில்லை.

"மக்கள் காசுல எடுத்த படம் மாமா. கேட்டா பூட்டிக் குடுக்குறாங்க. சாவி கம்பெனிகிட்டப் போய் வாங்கிக்கன்னா என்னா நியாயம்?" அழவில்லை. சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பளபளப்பில் அவள் முகம் தெரிந்தது. நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

12.10.2009
மேல்முறையீடு செய்திருக்கிறாள். அச்சிட்ட தாளாகவோ, யாரும் திறக்கக்கூடிய சாதாரணப் படமாகவோ தர வேண்டும் என்று. மனுவை என்னிடம் கொடுத்துப் பிழை திருத்தச் சொன்னாள். திருத்தினேன். இரண்டு ஒற்றுப்பிழை.

மனுவில் ஒரு வரி: "வெள்ளத்துக்கு முன் இந்தப் படத்தை யாராவது பார்த்திருந்தால் ஏழு பேர் பிழைத்திருப்பார்கள்."

மங்கலம் கேட்கிறாள். தினமும் கேட்கிறாள். இப்போது ஆபீசில் இல்லை, வீட்டிலேயே.

5.11.2009
கடலூர் போனேன். லீவு போட்டுவிட்டு, பவானியிடம் சொல்லாமல்.

கண்ணாயிரத்துக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னை ஞாபகம் வைத்திருந்தார். "அன்னிக்கி மூணு மணிக்கு வருவீங்கன்னு பாத்தேன். அதிகாரி ரெண்டே முக்காலுக்கே வந்துட்டார் சார்" என்றார். வேண்டுமென்று குத்தவில்லை. சும்மா நடந்ததைச் சொன்னார்.

இந்த முறை கையெழுத்துக்குக் காத்திருந்தேன். கிடைத்தது. சாவி செருகியிருந்தது. கோப்பு திறக்க நான்கு நிமிஷம் ஆனது. நான்கே நிமிஷம்.

ஆறு வெள்ளையாக, அகலமாகக் கிடந்தது. ஓரத்தில் மெல்லிய கோடாகக் கரை. நான் எத்தனையோ முறை வரைந்த அதே வளைவு. நாணல்மேட்டுக்கு நேரே அந்தக் கோட்டை ஒரு வெள்ளைத் தடம் குறுக்கே வெட்டிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்குகிறது. பூதக்கண்ணாடி வேண்டாம், படிப்பு வேண்டாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் காட்டிவிடும்.

தடத்தின் ஊர்ப்பக்க முனையில் இரண்டு புள்ளி. ஒன்று கொளஞ்சி வீடு, மற்றது சின்னம்மாள் வீடு. மார்ச் மாதத்துப் பகல். அந்தப் புள்ளிக்குள் மங்கலம் இருந்திருப்பாள், ஏதாவது வேலையாக.

தெரியிதும்மா. ஒங்க வூடு தெரியிது. வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கண்ணாயிரம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அச்சிட்டு வாங்கினேன். கிளம்பும்போது, 2005இல் எங்களுக்கு சிடி அனுப்பிய தேதி இங்கே பதிவாகியிருக்குமா என்று கேட்டேன். "அனுப்புன பதிவேட்டுல இருக்குமே" என்று எடுத்துக் காட்டினார். 19.8.2005. எங்கள் ஊர் மழை கடலூர்ப் பதிவேட்டை நனைக்கவில்லை.

6.11.2009
சொல்லிவிட்டேன்.

காலையில் எழில் காலேஜுக்குக் கிளம்பும் முன். பவானியும் இருந்தாள். படத்தை மேசையில் விரித்தேன். சிடி வந்த தேதி, கொளஞ்சி வந்து சொன்னது, கடலூரில் காத்திருக்காமல் வந்தது, பதிவேட்டைத் திரும்ப எழுதியது, எல்லாம். புடவைக் கடையையும் சொன்னேன்.

எழில் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த இரண்டு புள்ளிமேல் விரலை வைத்திருந்தாள். பிறகு ஒன்று மட்டும் கேட்டாள். "அம்மா காரியத்தன்னிக்கு அப்பா பக்கத்துல உக்காந்திருந்தீங்களே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டு வருஷமா உங்க வீட்டுச் சோத்த தின்னுட்டிருக்கேன்" என்றாள். படத்தைச் சுருட்டினாள். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஹாஸ்டலுக்கு.

சாயங்காலம் பவானி எழிலின் பாயைச் சுருட்டி வைத்தாள். பிறகு, "என் தம்பி மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? சொல்லுங்க. எப்படி முழிப்பேன்?" என்றாள். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

11.1.2010
மேல்முறையீட்டு விசாரணை. எழில் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன். நடந்ததையெல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு, கடலூர்ப் பதிவேட்டின் நகலோடு கொடுத்தேன். அவள் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

தில்லைநாதன் சார் போன் செய்தார். ரிடையர் ஆகிவிட்டார். "நாலு வருஷம் கழிச்சு ஏன்யா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவரும் தூங்கவில்லை என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

2.2.2010
சஸ்பெண்ட் உத்தரவு. பவானி வாங்கிப் படித்துவிட்டு சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

26.7.2010
எழிலின் மேல்முறையீட்டில் உத்தரவு வந்திருக்கிறது. கரையோரத்துப் படங்களையெல்லாம் சாதாரணக் கோப்பாகவும் அச்சிட்ட தாளாகவும் ஊராட்சிகளுக்குத் தரவேண்டும். நாணல்மேட்டுக் கரையை உடனே பார்வையிட வேண்டும். பேப்பரில் எட்டாம் பக்கத்தில் சின்னதாக. எழிலரசி, முதுகலை மாணவி என்று பேர் போட்டிருந்தது. பவானி கத்தரிக்கோல் எடுத்து வந்து வெட்டினாள்.

9.3.2011
மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், ஒரு படி இறக்கி, சேத்தியாத்தோப்புப் பிரிவில். புது மேசை. டிராயர் இல்லாத மேசை.

18.9.2011
மினி பஸ்ஸில் நாணல்மேடு போனேன். டேப் எடுத்துப் போனேன். கரையைக் கட்டிவிட்டார்கள். யாரும் சொல்லாமலே அளந்தேன். பதினோரு அடி நாலு அங்குலம். இரண்டு ஆள் உயரம்.

ஊராட்சி அலுவலகச் சுவரில் அந்தப் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் கூட்டமாக நின்று அவரவர் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "இதோ பார்டி எங்க வைக்கப்போரு!" எல்லார் விரலும் பட்டுப் பட்டு வீடுகள் இருக்கும் இடம் அழுக்காகிவிட்டது. வடகிழக்கு முனையில் ஒரு வாய்க்கால் அடைபட்டிருப்பதை ஒருத்தி கண்டுபிடித்து, கரியால் வட்டம் போட்டிருக்கிறாள். இருபத்தைந்து வருஷ டிராயிங்கில் எனக்கு அது தெரிந்ததில்லை.

திரும்பும்போது தெருமுனையில் கொளஞ்சி. ஊருக்கே திரும்பி வந்துவிட்டானாம். என்னைப் பார்த்தான். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வேறு சந்தில் போய்விட்டான்.

31.12.2011
நேற்றுப் புயல். முருங்கை விழுந்து சுற்றுச்சுவர் போயிற்று. கரண்ட் இல்லை. மங்கலத்தின் குரல் கேட்டு ரொம்ப நாள் ஆகிறது. கேட்காததும் ஒரு மாதிரி பயமாகத்தான் இருக்கிறது.

20.8.2012
எழிலரசிக்குக் கல்யாணம். பத்திரிகை தபாலில் வந்தது.

பவானி அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். சொந்த அத்தைக்குத் தபாலில் பத்திரிகை. வெற்றிலை பாக்கு வைத்து, நேரில் வந்து கூப்பிட வேண்டிய உறவு. பிரித்துப் பார்த்தாள். "பேரு போட்டிருக்கான்" என்றாள். பவானி – கதிர்வேல். என் பேரும் இருந்தது.

2.9.2012, ஞாயிறு
திருவந்திபுரம் கோயிலில் கல்யாணம். முகூர்த்த நாள், மலையடிவாரம் முழுக்க ஜோடி ஜோடியாக மாலை. எழில் கடலூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். மாப்பிள்ளையும் அதே ஆபீஸ். மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை இல்லையாம், தாலி கட்டும்போது பவானியைத்தான் பின்னால் நின்று விளக்குப் பிடிக்கச் சொன்னார்கள். நான் தூண் ஓரமாக நின்றேன். அட்சதை மட்டும் போட்டேன்.

மண்டபத்து வாசலில் கொளஞ்சி எல்லாரையும் கையைப் பிடித்து வரவேற்றுக்கொண்டிருந்தான். நான் வந்தபோது பின்னால் வந்தவரைப் பார்த்தான்.

பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் கூட்டத்தில் என் இலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். எழுந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது தலைக்கு மேலே கொளஞ்சியின் குரல் கேட்டது. என்னிடம் பேசவில்லை. சாதக் கூடையோடு போனவரைக் கூப்பிட்டான்.

"யோவ், எங்கய்யா போற? மாமா எல காலியா கெடக்குது பாரு. போடு."

நிமிர்ந்தேன். அதற்குள் அவன் அடுத்த வரிசைக்குப் போய்விட்டான். சோறு விழுந்தது. சாம்பார் வந்தது. சாப்பிட்டேன்.